பத்தாவது பிரதி

பேருந்து க்ரோபாவுக்குள் நுழைந்தபோது மணி காலை பதினொன்று. ஆனால் நவம்பர் மாதத்தில் க்ரோபாவிடம் போய் மணி கேட்பது வீண். இரண்டு மலைகளின் இடுக்கில் சட்டைப் பித்தான் உருண்டு விழுந்ததுபோல் கிடக்கிற ஊர் அது. வெயில் உள்ளே எட்டிப் பார்க்கும், அதற்கே குளிரெடுக்கும், திரும்பிப் போய்விடும். கூரைகளின்மேல் மூடுபனி, பிழியாமல் உலரப்போட்ட போர்வை மாதிரித் தொங்கியது. எங்கே நின்றாலும் தண்ணீர்ச் சத்தம். ஓடை வீட்டுச் சுவர்களை உரசிக்கொண்டே ஊருக்குள் இறங்குகிறது. அந்த இரைச்சலில் புருஷனும் பெண்டாட்டியும்கூடக் கத்தித்தான் பேசியாக வேண்டும். அதனால் க்ரோபாவில் ரகசியமே தங்காது என்று சுற்றுவட்டாரத்தில் கேலி பேசுவார்கள்.

ஒரே ஒரு வீட்டில் தங்கியிருந்தது. ஐம்பத்து மூன்று வருஷமாக.

அந்த வீட்டைத் தேடித்தான் ஹின்கோ லாவ்தர் பேருந்தைவிட்டு இறங்கினார்.

ஹின்கோவுக்கு வயது அறுபத்தெட்டு. நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். செம்பிலும் மரத்திலும் கீறி அச்செடுக்கும் ஓவியர் அல்பீனா லெகாத்தின் கைபட்ட காகிதம் எங்கே இருந்தாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். ஸ்லோவேனியா நாட்டில் இருப்பதே இருபது லட்சம் பேர்; அதில் பத்தொன்பது லட்சம் பேருடைய பரணில் ஹின்கோ ஏறி இறங்கியிருப்பார் என்று கிரான் நகரத்தில் சொல்வார்கள். அல்பீனா படம் போட்ட குழந்தைப் பாடல் புத்தகம், அறுபதே பிரதி அச்சானது, அதில் நான்கு இவரிடம் இருந்தன. போர்க்காலத்தில் எவரோ தலைமறைவாக அச்சடித்த ஒரு மெல்லிய கவிதை நூலின் அட்டையில் அவள் இளவயதில் வெட்டிய மரக்கட்டைப் படம் இருக்கிறது. அதற்காக ஒரு பாதிரியாரோடு மூன்று வருஷம் சீட்டாடி, வேண்டுமென்றே தோற்று, நட்பாகி, கடைசியில் வாங்கினார். வீட்டில் புத்தகம் இல்லாத இடம் என்றால் சூப் பானை மட்டும்தான். அதையும் அவர் மனைவி ஸ்டான்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததால்.

இத்தனை இருந்தும் ஒரு குறை அவரை அரித்தது.

"அசையாமல் இரு" என்று ஒரு படம். உள்ளங்கை அகலம். ஏழு வயசுப் பெண் குழந்தை, இரண்டு பின்னல், தலையைச் சற்றே சாய்த்து, எதையோ கேட்க வாயெடுத்து அம்மா அதட்டியதால் நிறுத்தினதுபோல் ஒரு பார்வை. அல்பீனாவின் மகள் மரூஷா. மொத்தம் பத்துப் பிரதி என்று ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எழுதியிருக்கும். ஒன்பதை ஹின்கோ இருபத்தாறு வருஷத்தில் சேர்த்துவிட்டார். ஒன்று மரிபோரில் ஒரு பல் மருத்துவரிடம், ஒன்று லுப்லியானா ஆற்றங்கரை ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தையில் பூட்டுகளுக்கு அடியில், இப்படி. பத்தாவது எங்கும் இல்லை.

அந்த ஒன்பதிலும் இரண்டு விநோதங்கள் இருந்தன. முதலாவது, தேதி. பத்துப் பிரதி எடுப்பவர் ஒரே வாரத்தில் எடுத்து முடிப்பார். அல்பீனா முதல் மூன்றை வருஷத்துக்கு ஒன்றாக எடுத்திருந்தாள். பிறகு ஆறு, ஏழு, எட்டு வருஷ இடைவெளி. இரண்டாவது, ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரு கட்டைவிரல் கறை. குழந்தைக் கட்டைவிரல். ஹின்கோ அளவைக்காரர் அல்லவா, அளவு இடுக்கி வைத்து அளந்து பார்த்தார். ஐம்பத்தேழாம் வருஷத்துத் தாளிலும் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துத் தாளிலும் அந்த விரல் ஒரே அளவு.

"யாரோ வேலைக்கு வர்ற பிள்ளைங்களா இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாற்பது வருஷத்துக்கும் ஒரே அளவு விரலோடு பிள்ளைகள் வந்துகொண்டிருக்குமா என்று யோசிக்கவில்லை. சேகரிப்பவனுக்கு யோசனை எல்லாம் கையில் இல்லாத தாளின்மேல்தான்.

இருபத்தாறு வருஷமாக அவர் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் அல்பீனாவிடமிருந்து "முடியாது" என்ற ஒற்றைச் சொல்தான் வரும். போன வாரம் வந்ததில் கூடுதலாகச் சில சொற்கள் இருந்தன.

"வா. கையில் பலம் இருந்தால் மட்டும் வா. சக்கரம் கனம்."

ஸ்டான்கா அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "எண்பத்து நாலு வயசுல ஒருத்தி கூப்பிட்டா ஓடுறியே ஹின்கோ, நான் முப்பது வருஷமா ஜன்னல் கொக்கியை மாட்டச் சொல்றேன். நான் ஒரு செப்புத் தகடாப் பொறந்திருக்கணும்."

"வந்து மாட்டறேன்டி."

"மாட்டுவே, மாட்டுவே. ஜன்னல்ல அவ கையெழுத்து இருந்தா."

*

கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே காலெடுத்து வைத்ததும் நாசியில் ஏறியது ஈரச் சுவரின் வாடை, அதன்மேல் ஆளிவிதை எண்ணெய், அதற்கும் மேலே மெல்லியதாகக் கிராம்பு.

"கால தூக்கி வெச்சு வா! ரெண்டாவது படி ஒடஞ்சு கிடக்கு!" என்று மாடியிலிருந்து குரல். ஓடை இரைச்சலையே அடக்குகிற குரல். ஆனால் மேலே போய்ப் பார்த்தால் கட்டிலில் ஆளே இல்லைபோல் இருந்தது. போர்வைக்குள் ஒரு கைப்பிடி எலும்பு, அதன்மேல் இரண்டு கண்கள், அவ்வளவுதான் அல்பீனா லெகாத்.

"நீதான் அந்தக் கிறுக்கனா?"

"ஆமாங்கம்மா. ஹின்கோ."

"இன்னும் வயசானவனா வருவேன்னு நெனச்சேன். கைய நீட்டு." அவர் கையை அழுத்திப் பார்த்தாள். மாட்டுச் சந்தையில் கன்றைப் பார்ப்பதுபோல். "பரவால்ல. உக்காரு. நல்லாக் கேட்டுக்கோ, எனக்குத் திருப்பிச் சொல்ல மூச்சு கிடையாது."

டாக்டர் ஒரு வாரம் என்று சொல்லியிருந்தார். அவள் அதைப் பேருந்து நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

"என் மரூஷா ஏழு வயசுல மூளைக் காய்ச்சல்ல போயிட்டா. அவ போறதுக்கு முந்தின வாரம்தான் அந்தத் தகட்டைக் கீறி முடிச்சேன். அடக்கம் பண்ணிட்டு வந்து மொத பிரதி எடுத்தேன். அன்னிக்கு அவ வந்தா."

ஹின்கோ மரியாதையாகத் தலையாட்டினார். கலைஞர்கள் இப்படியெல்லாம் சொல்வார்கள். அதைப் பட்டியலில் அடிக்குறிப்பாகப் போடலாம்.

"தலையாட்டாதே. நீ நம்பலேன்னு தெரியும். தாள்ல மை ஈரமா இருக்கிற வரைக்கும் அவ என்கூட இருப்பா. ஒம்போது நாள், பத்து நாள். மை காஞ்சா போயிடுவா. காஞ்சதுக்கப்புறம் அது வெறும் காகிதம், அதான் கேட்டவனுக்கெல்லாம் தூக்கிக் குடுத்தேன். இந்தத் தகடு பத்துக்குமேல தாங்காது. அது உனக்குத் தெரியும்."

அது அவருக்குத் தெரியும். ஊசியால் செம்பைக் கீறும்போது கோட்டின் இருபுறமும் மெல்லிய பிசிறு எழுந்து நிற்கும். அந்தப் பிசிறில்தான் மை தங்கும், அதனால்தான் கோடு வெல்வெட் மாதிரிக் கறுக்கும். ஆனால் அச்செடுக்கும் ஒவ்வொரு முறையும் உருளை அதை நசுக்கும். குழந்தையைக் கூப்பிடக் கூப்பிடக் குழந்தை தேய்ந்துகொண்டே வந்திருக்கிறாள்.

"பத்தாவதை நான் போறப்போன்னு வெச்சிருக்கேன். அவளுக்கு இருட்டுன்னா பயம்யா. ஒவ்வொரு தடவையும் தனியாத்தான் போனா. இந்தத் தடவை கையப் பிடிச்சிட்டு ரெண்டு பேருமா போகணும். எனக்குச் சக்கரம் சுத்த முடியல. நீ சுத்து. நான் கண்ண மூடினதும் தாளைக் காய வெச்சு எடுத்துட்டுப் போயிடு. உன்னோட பத்தும் சேர்ந்துடும். அதுக்கு முந்திக் காயக் கூடாது. புரிஞ்சுதா?"

"சத்தியமாங்கம்மா" என்றார் ஹின்கோ. அவர் காதில் விழுந்தது 'பத்தும் சேர்ந்துடும்' என்பது மட்டும்தான்.

*

அச்சுப்பொறி கீழ் அறையில் இருந்தது. பாதி நிலத்துக்குள் இறங்கிய அறை. சுவருக்கு அப்பால் ஓடை. அல்பீனாவை நாற்காலியோடு தூக்கி வந்து இறக்கினார். அவள் கனமே இல்லை.

மை குழைத்தது அவள். ஒரு சின்னக் குப்பியிலிருந்து கிராம்புத் தைலம், ஒரு துளி. தகட்டில் தடவி, துணியால் துடைத்து, கடைசித் துடைப்பை உள்ளங்கையின் ஓரத்தால் செய்தாள். குழந்தையின் முகத்தைச் சோறு தின்றபின் துடைத்துவிடுகிற மாதிரியே. ஈரத் தாளை வைத்து, கம்பளியை மூடி, "சுத்து" என்றாள்.

ஹின்கோ சுற்றினார். சக்கரம் முனகியது. நாலு மாடு பூட்டினாலும் நகராத சக்கரம் என்று பின்னாளில் அவர் சொல்வதுண்டு. அவர் சொல்வதில் பாதியைக் கழித்தாலும் இரண்டு மாடு மிச்சம்.

தாளை உரித்தபோது அவர் மனசு சுருங்கிப்போனது. படம் இருந்ததா என்றால், இருந்தது. கண்ணாடியில் ஊதிய மூச்சு கலைவதற்குள் தெரிகிற அளவு. இரண்டு பின்னலும், கேட்க வந்ததை நிறுத்தின அந்த வாயும்.

அல்பீனா அதைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்திலிருந்த எண்பத்து நாலு வருஷமும் உதிர்ந்து விழுந்தது.

"வந்துட்டியா?" என்றாள்.

ஹின்கோ திரும்பினார். கதவு. அதற்கு அப்பால் படி. வேறொன்றும் இல்லை.

*

மூன்று நாள் அவர் அங்கேயே தங்கினார். விறகு பிளந்தார், வாற்கோதுமைக் கஞ்சி வைத்தார். தாளை அவள் சொன்னபடி கீழ் அறைக் குளிரில், ஈரத்துணி மூடி வைத்திருந்தார். மாடியில் பகல் முழுக்கப் பேச்சுச் சத்தம். ஒரு குரல்தான், ஆனால் பதிலுக்கு இடம்விட்டு இடம்விட்டுப் பேசியது. நடுவே சிரிப்பு. சாவதற்குப் படுத்தவள் அப்படிச் சிரித்து ஹின்கோ கேட்டதில்லை. வீடு பூராவும் கிராம்பு மணத்தது. அவர் மேலே கொண்டுபோவது ஒரு கோப்பைக் கோகோ, "இன்னொண்ணு" என்பாள். இரண்டும் கீழே வரும்போது ஒன்று தொடாமல் ஆறியிருக்கும், விளிம்பில் மட்டும் சின்னதாக ஒரு மைக் கறை.

வயசானவள், கை நடுக்கம், என்று கழுவி வைத்தார்.

வியாழக்கிழமை காலை செவிலிப்பெண் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனாள். "மத்தியானம் வரைக்கும் தூங்குவாங்க. எழுப்பாதீங்க."

அப்போதுதான் ஹின்கோ கீழே இறங்கினார். பார்க்க மட்டும். துணியை விலக்கினார்.

தாளின் ஓரத்தில் மூன்று புள்ளிகள். பூஞ்சை.

காகிதம் சேர்ப்பவனுக்கு அந்தப் புள்ளி எப்படி இருக்கும் என்பதை, பெற்ற பிள்ளைக்கு அம்மை போட்டதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். தாள் அலையலையாக நெளியத் தொடங்கியிருந்தது. உலகத்திலேயே பத்தாவதான, கடைசியான, இனி எடுக்கவே முடியாத தாள். 'மை காயக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? காகிதத்தோட ஈரம் போறதுல என்ன தப்பு? அரை மணி நேரம். ஓரம் மட்டும்.' அவருக்குத் தெரியாததா? இருபத்தாறு வருஷ அனுபவம்!

வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். மை ஒற்றும் தாள் இரண்டின் நடுவே படத்தை வைத்தார். சமையலறையில் ரொட்டி அடுப்பு, அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் பச்சை ஓடு பதித்த அடுப்பு, அவர் காலையில் போட்ட விறகில் இதமாகச் சுட்டுக்கொண்டிருந்தது. அதன்மேல் வைத்து, நெளியாமலிருக்க இரண்டு தடித்த புத்தகங்களை ஏற்றினார். காவலுக்கு அடுப்போரத்துப் பலகையில் உட்கார்ந்தார்.

மூன்று நாள் விறகு பிளந்த உடம்பு. முதுகுக்குப் பின்னால் சூடான ஓடு. அந்தப் பலகையில் உட்கார்ந்து தூங்காத மனிதர் ஸ்லோவேனியாவில் இதுவரை பிறக்கவில்லை. திருடன் வந்து உட்கார்ந்தாலும் போலீஸ் வந்துதான் எழுப்ப வேண்டும்.

ஹின்கோ தூங்கிப்போனார்.

தூக்கத்தின் அடியில் ஓடைச் சத்தம். அதற்குள்ளே மெதுவாக ஒரு குரல்.

"தாத்தா... காஞ்சிடுச்சா?"

பால் கொண்டுவரும் பக்கத்து வீட்டுக் குழந்தை போலும். கண்ணைத் திறக்காமலே ஹின்கோ சந்தோஷமாகச் சொன்னார், "காஞ்சிருக்கும்மா. நல்லாவே காஞ்சிருக்கும்."

"அப்ப நான் போகணுமா?"

"ஆமாம்மா, வீட்டுக்குப் போ. அம்மா தேடுவாங்க."

"அம்மா தூங்கறா. எழுப்பட்டுமா?"

"எழுப்பாதே" என்றார் ஹின்கோ. "தூங்கட்டும்."

ஏதோ குளிர்ந்தது. அரைக்கண்ணைத் திறந்தார். அடுப்பின் விளிம்பில், அவர் முகத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கை. அது புத்தகங்களைத் தள்ளி, ஒற்றுத்தாளை நீக்கி, படத்தின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தியது. எடுத்து, திருப்பி, பார்த்தது.

விரல் சுத்தமாக இருந்தது.

அந்த விரலின் அளவு ஹின்கோவுக்குத் தெரியும். ஒன்பது முறை இடுக்கி வைத்து அளந்திருக்கிறார்.

அவர் துள்ளி எழுந்தார்.

யாரும் இல்லை.

அடுப்பில் தணல் சாம்பலாகியிருந்தது. சுவர்க்கடிகாரம் ஒன்றேகால் காட்டியது. மூன்று மணி நேரம்! பிசிறே இல்லாத தகட்டிலிருந்து ஏறிய மை எவ்வளவு இருக்கும்? ஈ குடித்த பால் அளவு. விரலால் தொட்டார். ஒட்டவில்லை. அழுத்தினார். ஒட்டவில்லை.

வீட்டில் கிராம்பு மணம் இல்லை.

"மரூஷா?" என்று மாடியிலிருந்து குரல் கேட்டது. "மரூஷா, எங்கடி போனே?"

*

படி ஏறுவதற்கு ஹின்கோவுக்கு அவ்வளவு நேரம் ஆனதில்லை. கையில் தாள் இருந்தது. அல்பீனா அதைப் பார்த்தாள். கேட்கவில்லை, கையை நீட்டினாள். கட்டைவிரலை வைத்து எடுத்தாள்.

"எங்க வெச்சே?"

"பூஞ்சை பிடிச்சுதும்மா... அரை மணி நேரம்னு... அடுப்பு மேல..."

"கிராம்புத் தைலம் எதுக்கு ஊத்துவாங்க?"

ஹின்கோ வெள்ளைக் கையுறையைக் கழற்றத் தொடங்கினார்.

"சொல்லுய்யா. மை காயாம இருக்க ஊத்துவாங்க. இதுகூடத் தெரியாம இருபத்தாறு வருஷம் என்னத்தய்யா சேர்த்தே?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் கத்தவில்லை. பக்கத்தில் போர்வை சின்னதாகக் குழிந்திருந்த இடத்தைத் தடவினாள்.

"எப்பவும் போறப்போ எழுப்பி முத்தம் குடுத்துட்டுப் போவா. இந்தத் தடவை ஏன் எழுப்பல?"

ஹின்கோவுக்குத் தெரியும் ஏன் எழுப்பவில்லை என்று. அந்தப் பதிலை அவர் அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்ல அவருக்குத் தைரியம் வர வெகுநாள் பிடித்தது.

அல்பீனாவின் மூச்சு மாறியிருந்தது. நடுவில் நின்று, யோசித்து, மறுபடி தொடங்கியது. "கீழ போ" என்றாள். "தகடு இருக்கு. இன்னொண்ணு எடு."

"பிசிறே இல்லீங்கம்மா. வெறும் செம்புதான்."

"தெரியும். போ."

அவர் ஓடினார். உடைந்த இரண்டாவது படியில் விழுந்தார், எழுந்தார். மை குழைத்தார். ஒரு துளி விட வேண்டிய இடத்தில் கிராம்புத் தைலக் குப்பியையே கவிழ்த்தார். தகட்டைத் துடைக்கையில் அழுதார். கண்ணீர் செம்பில் விழ, அதையும் துடைத்தார். உள்ளங்கை ஓரத்தால். அவள் செய்ததுபோலவே, முகம் துடைத்துவிடுவதுபோலவே. சக்கரத்தைச் சுற்றினார். இந்தமுறை அது முனகக்கூட இல்லை.

தாளை உரித்தார்.

வெள்ளை.

வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால் ஏதோ சாம்பல் நிழல். பின்னலா, மடிப்பா, சொல்ல முடியாது.

அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார்.

அல்பீனா போயிருந்தாள்.

கண் திறந்தபடி கதவைப் பார்த்தது. வலது கை கட்டிலுக்கு வெளியே நீண்டு தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை விரிந்து. ஏழு வயசுக் குழந்தை எட்டிப் பிடிக்கிற உயரத்தில்.

ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகல். அப்படித்தான் கடிகாரம் சொல்லியிருக்கும். ஹின்கோ தாளை ஏந்தியபடியே நின்றார்.

அவருக்குப் பின்னால் படியில் சின்னக் கால்கள் ஏறி வந்தன.

ஒன்று. இரண்டாவதைத் தாண்டி, மூன்று. நான்கு.

வாசலில் நின்றன.

"தாத்தா" என்றது அந்தக் குரல். முன்பைவிடத் தேய்ந்து, காதில் விழுகிறதா நினைவில் விழுகிறதா என்று தெரியாத அளவுக்கு. "அம்மா எழுந்தாச்சா?"

அவர் திரும்பவில்லை. திரும்பினால் ஒன்றும் தெரியாமல் போகுமோ, தெரிந்துவிடுமோ, இரண்டுக்கும் பயந்தார். குனிந்து, அல்பீனாவின் கண்களை மூடினார்.

"இன்னும் இல்லம்மா" என்றார். "தூங்கறாங்க."

*

ஊர் கூடி அல்பீனாவை மகளுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தது. எலும்பும் எலும்பும் பக்கத்தில் கிடக்கின்றன. ஹின்கோ அந்த நல்ல தாளை, காய்ந்த பத்தாவதை, பெட்டிக்குள் அவள் கைக்கடியில் வைத்துவிட்டார். அவருடைய தொகுப்பு இன்றைக்கும் ஒன்பதுதான். வெள்ளைத் தாளை மட்டும் ஈரத்துணி சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். குழந்தையை அந்தக் காலி வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர முடியவில்லை.

அது நடந்து நாலு வருஷம் ஆகிறது. மை காயவில்லை.

சரக்கறையில், வடக்குச் சுவரோரம், உருளைக்கிழங்குக் கூடைக்கு மேலே அந்தத் தாள் இருக்கிறது. தினமும் காலையில் அவர் போய்த் தொட்டுப் பார்ப்பார். விரலில் கறுப்பு. தினமும் ஒரு முறை, காபி நேரத்திலோ நாளிதழ் படிக்கும்போதோ, பக்கத்தில் வந்து கேட்கும். "எழுந்தாச்சா?" அவர் சொல்வார், "இன்னும் இல்லம்மா." நாலு வருஷத்தில் ஒருநாளும் அவருக்கு இன்னொரு பதில் கிடைக்கவில்லை. அடுப்பு எரியும்போது சில சமயம் அவர் அதைப் பார்ப்பதுண்டு. அரை மணி நேர வேலை. குழந்தை போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் போகும் வழி இருட்டு. கையைப் பிடித்துக்கொண்டு போக இருந்தவள் முன்னாலேயே போய்விட்டாள். ஒரு மத்தியானத்தில் தூக்கத்திலேயே காயவைத்த மனிதருக்கு, விழித்துக்கொண்டு காயவைக்கக் கை வரவில்லை.

ஸ்டான்காவிடம் அவர் இதில் ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொன்னால், "காகிதம் போதாதுன்னு பேயும் சேர்க்க ஆரம்பிச்சிட்டியா?" என்பாள்.

போன சனிக்கிழமை மத்தியானம் ஹின்கோ வெளியே ஏணி போட்டுச் சமையலறை ஜன்னல் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார். முப்பத்துநாலு வருஷத்துக்குப் பிறகு. உள்ளே ஸ்டான்கா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, மேஜை முழுக்க மாவைப் படுதா மாதிரி விரித்துப் பாலாடைக்கட்டி தடவிக்கொண்டிருந்தாள். வானொலி பாடியது.

"ஹின்கோ" என்றாள் அவள், திரும்பாமலே. "ஏப்ரனைப் பிடிச்சு இழுக்காதே. கையெல்லாம் மாவு."

ஏணியில் ஹின்கோ ஆணியை வாயில் கவ்வியபடி அசையாமல் நின்றார்.

அவள் இடுப்புக்குக் கீழே ஏப்ரனின் ஓரம், சின்ன முஷ்டி ஒன்று இறுகப் பற்றினதுபோல், பக்கவாட்டில் விறைத்து நீண்டிருந்தது.

"விடுன்னு சொல்றேன்ல?" ஸ்டான்கா சிரித்துக்கொண்டே குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். பிறகு, ஹின்கோ தன் வாழ்நாளில் கேட்டிராத குரலில், மெதுவாகக் கேட்டாள்:

"யாரோட அம்மா, கண்ணு?"